கோடையில் பவளத்தைப் பார்ப்பது யார்?

என் அம்மா பாசி எடுப்பவர். பாம்பன் பக்கம், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கும் பெண்களில் ஒருவர். நான் கடல் உயிரியல் படித்துவிட்டு, அதே கடலில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கப் போகிறேன். எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அம்மாவைத் தீவோரம் கண்டால் விரட்டுகிறார்கள்.

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவானவை. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 2001-ல்தான் பவளத்துக்குப் புலிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

நாங்கள் திட்டின்மேல் 20 மீட்டர் நாடாவை விரிப்போம். அதன் அடியில் வருவதையெல்லாம் பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் குறிப்போம்: உயிருள்ள பவளம், செத்தது, பாசி, மணல். நல்ல முறைதான். ஆனால் நாடா விரித்த நாளில் இருப்பதை மட்டுமே அது சொல்லும்.

சித்திரை, வைகாசியில் காற்று அடங்கி, தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றால், பவளம் தன் திசுவில் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். அதற்கு நிறம் தந்ததும் சோறு போட்டதும் அந்தப் பாசிதான். வெளுத்துப்போனாலும் பவளம் உடனே சாவதில்லை. சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் தேறிவிடும். இல்லையென்றால் மான்கொம்புப் பவளங்கள் முதலில் போகும். 2010-லும் 2016-லும் இங்கே அதுதான் நடந்தது. ஆறு மாதம் கழித்து நாடா விரித்தால் பாசி மூடிய எலும்புக்கூடுதான் மிஞ்சும். வெயில் கொன்றதா, நங்கூரம் உடைத்ததா, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி மூடிப் போர்த்தியதா என்று நாடா சொல்லாது. குருசடைத் தீவில் அந்தப் பாசி பவளத்தில் ஏறியது 2008-லேயே பதிவானது.

பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசி, மாதம் 12 நாள்தான் இறங்குவது என்று வைத்திருக்கிறார்கள். ஆய்வுப் படகு போவதைவிட அது எத்தனையோ மடங்கு அதிகம். அவர்கள் காலடியில் பவளம் உடைவதே இல்லை என்று நான் வாதிட மாட்டேன், உடையும். அதற்காக இத்தனை நாள் தண்ணீருக்குள் இறங்கும் கண்களை வேண்டாம் என்பதா?

‘எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படிக் கணக்கெடுப்பார்கள்?’ என்று, இந்தப் பெண்களையும் கணக்கெடுப்பில் சேர்க்கலாம் என நான் சொன்ன ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ‘கோரல் வாட்ச்’ நிற அட்டை இதற்கென்றே இருக்கிறது. பவளத்தின் பக்கத்தில் பிடித்து, எந்தக் கட்டத்து நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும். கலங்கிய தண்ணீரில் பாசிக்குப் பாசி நிறம் பிரித்துப் பிழைப்பவர்களுக்கு இது பெரிய வேலையா?

தன்னார்வம் என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கக்கூடாது. பாசி எடுத்தால் கிடைக்கும் நாள் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும். முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு, பாசி எடைபோடும் இடத்தில் ஒட்ட வேண்டும். பங்குனிக்குள் அட்டைகளைக் கொடுத்துவிட்டால் வருகிற கோடையிலேயே தொடங்கிவிடலாம்.