உதையைத் தாங்குவது வீரம் அல்ல

ஒன்டாரியோவில் மான் வேட்டைக்கு உரிமம் எடுக்கும் நம்மவர்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். துவக்கு என்ன விலை, ஸ்கோப் எந்தக் கம்பனி என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பிடங்கின் முடிவில், தோளில் பொருந்தும் அந்த ரப்பர் பேட்டைப் பற்றி மட்டும் பேச்சே வராது. நானாக எடுத்துச் சொன்னால், "அது பொம்பிளையளுக்கும் சின்னப் பிள்ளையளுக்கும்தான் அக்கா" என்று சிரிக்கிறார்கள். இந்த எண்ணம் பிழை. இதனால் வதைபடுவது சுடுகிறவரின் தோள் மட்டுமல்ல, மானும்தான்.

சன்னம் முன்னால் பாய்ந்தால் துவக்கு பின்னால் பாயும். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். ஸ்கோப்புடன் 8 இறாத்தல் எடையுள்ள ஒரு .308 துவக்கு, வெடித்த கணத்தில் விநாடிக்குச் சுமார் 3.3 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வருகிறது. அதே எடையுள்ள .300 வின்செஸ்டர் மேக்னம் என்றால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்கு. பேட் அந்த உதையை இல்லாமல் ஆக்குவதில்லை. அமுங்கிக் கொடுத்து, உதை தோளில் இறங்கும் நேரத்தை நீட்டுகிறது. தோளில் படும் பரப்பையும் கூட்டுகிறது. மொத்த உதை மாறாது; அதன் உச்சம் தணியும். உடம்பு அஞ்சுவது அந்த உச்சத்துக்குத்தான்.

அச்சத்தை மனத்தால் அடக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். சுடுதளத்தில் நண்பர் ஒருவரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் இடையிடையே போலித் தோட்டா போடச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவுக்கும் குழல்வாய் துள்ளினால், கண் மூடினால், தோள் முன்னால் தள்ளினால், உங்கள் உடம்பு ஏற்கெனவே அஞ்சப் பழகிவிட்டது. இலக்கு அட்டையில் இந்தத் துள்ளல் சில அங்குல விலகல். மானில் அதே விலகல் உடைந்த கால். அல்லது கிழிந்த குடல். நுரையீரலில் பட்ட மான் சற்றுத் தூரம் ஓடி விழுந்துவிடும். குடலில் பட்டது காட்டுக்குள் போய்ப் பல மணி நேரம் கிடந்து சாகும்.

நான் வன்னியில் பிறந்தவள். பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு மாட்டின் காலையும் மனிதரின் காலையும் என்ன செய்யும் என்று கண்டு வளர்ந்தேன். போரைக் கடந்து வந்த வீடுகளில் துவக்கு என்றாலே ஏன் முகம் இருளும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: உணவுக்காக உயிரை எடுக்கிறவருக்கு, அதை ஒரே சூட்டில் எடுக்க வேண்டிய கடமை உண்டு. பேட் அந்தக் கடமையைச் சேர்ந்தது.

பேட் வாங்கும்போது எல்லோரும் கேட்பது எது மெத்தென்று இருக்கும் என்பதை. முதலில் கேட்க வேண்டியது நீளம். விசையிலிருந்து பிடங்கின் முடிவு வரைக்கும் உள்ள தூரம் கடையில் வரும் துவக்குகளில் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். நடுத்தர உயரமுள்ள ஆணுக்கான அளவு அது. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். அந்தத் துவக்கைப் பிடித்தால் என் முழங்கை நீண்டு, கழுத்து முன்னால் இழுபட்டு, பிடங்கு தோள்குழியில் உட்காராமல் புயத்தில் ஏறும். அதன்மேல் எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் வலிக்கும். உறைபோல இழுத்து மாட்டும் பேட் இதை இன்னும் மோசமாக்கும். அது நீளத்தில் ஓர் அங்குலம் கூட்டிவிடுகிறது. நெட்டையானவருக்கு அதே உறை வரப்பிரசாதம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. கனடாவின் வடகோடியைக் காக்கும் ரேஞ்சர்கள் 1947இலிருந்து எழுபது ஆண்டுபோலத் தூக்கித் திரிந்த லீ என்ஃபீல்டு துவக்கை எடுங்கள். நம் ஊர்ப் பொலிசிடம் பார்த்த அதே .303 குடும்பம். அதன் மரப்பிடங்கு நான்கு நீளங்களில் வந்தது. ஒன்றுக்கொன்று அரை அங்குல வித்தியாசம். ஆட்களின் உடம்பு ஒரே அளவு இல்லை என்று பட்டாளத்துக்கே அன்று தெரிந்திருந்தது. இன்று நம் சொந்தக் காசில் வாங்கும் துவக்குக்கு அந்தக் கவனம் வேண்டாமா?

அளவு பார்க்கும் முறை எளிது. துவக்கில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நவம்பர்க் குளிரில் போடப்போகும் அதே தடித்த கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வையுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். மூக்குக்கும் கைப்பெருவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சுடும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். நீளம் கூடினால் பிடங்கை வெட்டி, பேட்டின் தடிப்பையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிப் பொருத்த வேண்டும். அதற்குத் துவக்குத் திருத்துபவரிடம் போங்கள். அரைத்துப் பொருத்தும் வகைப் பேட் இதற்காகவே விற்கப்படுகிறது. நீளம் ஏற்கெனவே சரியென்றால், உங்கள் துவக்கின் மாதிரிக்கென்றே வார்த்த பேட்டை இரண்டு திருகாணியில் நீங்களே மாட்டலாம்.

லிம்ப்சேவர், பாக்மேயர், கிக்ஈஸ் மூன்றுமே நல்ல பெயர் எடுத்தவை. பெட்டியில் போட்டிருக்கும் சதவீதங்களை விட்டுவிட்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பேட்டின் மேல்முனை வழுவழுப்பாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவசரத்தில் தூக்கும்போது கோட்டில் சிக்கும். கீழ்முனை நெஞ்சில் குத்தக் கூடாது. பெண்களுக்கு இது முக்கியம், பொருத்தும் கோணத்தைச் சற்று மாற்றினால் சரிவரும். பழைய துவக்கு வாங்கினால் பேட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும் பிசுபிசுத்தாலும் அந்த ரப்பரின் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

பேட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. தேவைக்கு மீறிய துவக்கை அது சாதுவாக்கிவிடாது. ஹாலிபர்ட்டன், பாரி சவுண்ட் காடுகளில் வெண்வால் மானை நூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் காண்போம். அதற்கு .243 போதும், 7எம்எம்-08 தாராளம். ஆட்கொல்லிகளைத் தேடிப்போன ஜிம் கார்பெட்டே, 1907இல் பரிசாகப் பெற்ற மென்மையான உதையுள்ள ரிக்பி .275ஐ விரும்பித் தூக்கினார். குழல்வாயில் பிரேக் மாட்டினால் உதை குறையும் என்பார்கள். குறையும்தான், ஆனால் சத்தம் கூடி உங்கள் செவியையும் பக்கத்தில் நிற்பவர் செவியையும் கெடுக்கும்.

எனவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, வேட்டைக்காலம் தொடங்குமுன் உங்கள் துவக்கின் நீளத்தை அளந்துவிடுங்கள். பொருத்தமான பேட்டை மாட்டிச் சுடுதளத்தில் பழகுங்கள். போலித் தோட்டாவுக்குத் துள்ளும் கை அடங்கும் வரைக்கும் மானை நோக்கித் துவக்கைத் தூக்காதீர்கள்.