வளர்ந்த யதீம் ஒட்டமாட்டானா?

“பால்குடிக் குழந்தையாக இருந்தால் சொல்லுங்கள் ஹஜ்ரத். எட்டு வயதுப் பிள்ளை நம்மோடு ஒட்டாது.”

நம் தஞ்சைத் தரணியின் சபராளிக் குடும்பங்களில் நான் பல முறை கேட்டுவிட்ட சொல் இது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ துபாயிலோ நல்ல தொழில், ஊரில் பெரிய வீடு, ஆனால் பிள்ளைச் செல்வம் இல்லை. தகப்பனை இழந்த பிள்ளை ஒன்று சொந்தத்திலேயே இருக்கிறதே என்று நினைவூட்டினால் முதலில் இந்தப் பதில் வரும். அதற்கு மறுமொழி சொன்னால் இரண்டாவது கேடயம் உயரும்: “மேலும், தத்தெடுப்பது ஹராம் அல்லவா?” மார்க்கத்தில் வேறு எதையும் கேட்டறியாதவர்கள்கூட இந்த ஒரு சட்டத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கூற்றுகளும் தவறானவை. முதலாவது, பிள்ளையின் உள்ளத்தை அறியாமல் பேசும் பேச்சு. இரண்டாவது, அல்லாஹ்வின் கட்டளையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பேசும் பேச்சு.

அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 வசனங்கள் தடுப்பது எதை? வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாக அறிவிப்பதை, அதன் தகப்பன் பெயரை அழித்து நம் பெயரை எழுதுவதை. பிள்ளையை வளர்ப்பதை அவை தடுக்கவில்லை. தகப்பன் யாரென்று தெரியாவிட்டாலும் அப்பிள்ளைகள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்று அதே வசனம் உறவை நிலைநாட்டுகிறது. யதீமுக்குப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி உணர்த்திய செய்தி புகாரியில் உள்ளது. முந்தைய வசனத்தைப் பிடித்துக்கொண்டு இந்த ஹதீஸைக் கைவிடுபவர் எந்த மார்க்கத்தைப் பின்பற்றுகிறார்?

இனி ‘ஒட்டாது’ என்பதைப் பார்ப்போம். இதற்கு விடை சொல்ல ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு ஒன்றே போதும். நாம் அதை மீலாது மேடையில் உருக்கமாகச் சொல்வோம், பிறகு அதன் பொருளை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்குவோம். ஸைத் கல்ப் குலத்துப் பிள்ளை. தாயோடு உறவினரைக் காணச் சென்ற இடத்தில் கொள்ளையரிடம் அகப்பட்டபோது அவருக்கு ஏறத்தாழ எட்டு வயது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நம்மவர்கள் ‘ஒட்டாது’ என்று தள்ளும் அதே வயது. உக்காழ் சந்தையில் விற்கப்பட்டு, ஹகீம் பின் ஹிஸாம் வழியாகக் கதீஜா (ரலி) அவர்களிடம் வந்து, அவர்கள் மூலம் நபியவர்களின் இல்லத்தில் வளர்ந்தார். தாயின் முகமும் தகப்பனின் பெயரும் தன் குலமும் நன்றாக நினைவில் இருந்த பிள்ளை அவர்.

மகனை இழந்த ஹாரிஸா அழுதுகொண்டே தேடினார். மக்காவுக்கு ஹஜ்ஜுக்கு வந்த கல்ப் குலத்தார் ஸைதை அடையாளம் கண்டு செய்தி சொல்ல, தகப்பனும் சிறிய தகப்பனும் மீட்புத் தொகையோடு வந்து நின்றார்கள். நபியவர்கள் தொகை கேட்கவில்லை. ‘இத்தனை ஆண்டு சோறு போட்டேனே’ என்று கணக்கும் காட்டவில்லை. ஸைதை அழைத்து, வந்திருப்பவர்கள் யாரென்று தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். யாரோடு இருப்பதென்று அவரையே தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஸைத் தங்கினார். அதன் பிறகுதான் கஅபாவுக்கு அருகே அவரை மகனாக அறிவித்தார்கள். அது நபித்துவத்துக்கு முந்திய காலம்.

பின்னர் மதீனாவில் மேற்சொன்ன வசனம் இறங்கியது. ‘ஸைத் பின் முஹம்மத்’ மீண்டும் ‘ஸைத் பின் ஹாரிஸா’ ஆனார். பாசம் குறைந்ததா? நபியவர்களின் நேசர் என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். ஹிஜ்ரி 8-இல் மூத்தா போரின் முதல் தளபதியாக நின்று ஷஹீதானார். நபித்தோழர்களில் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவர் ஒருவரைத்தான். பெயர் திரும்பியது, உறவு நிலைத்தது. பெயரை மாற்றினால்தான் பிள்ளை ஒட்டும் என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

நபியவர்களே அப்படி வளர்ந்தவர்கள்தாம். ஆறு வயதில் அப்வாவில் தாயை இழந்து, உம்மு அய்மனின் கைப்பிடித்து மக்கா திரும்பினார்கள். எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்து அபூதாலிபின் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வீட்டின் ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்கள் மறைந்தபோது தம் சட்டையையே கஃபனாகக் கொடுத்தார்கள்.

அப்படியானால் ‘ஒட்டவில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள்? உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று விசாரித்தால் கதை வேறாக இருக்கிறது. விமானத்தை விட்டு இறங்கிய அன்றே ‘என்னை அத்தா என்று கூப்பிடு’ என்று கட்டளை. ஒரே வாரத்தில் புதுப் பள்ளிக்கூடம், புது மொழி. ஊரில் இருக்கும் பாட்டியோடு பேசினால் மனம் திரும்பிவிடும் என்று கைபேசியை மறைப்பது. இறந்த தாயின் படத்தைப் பெட்டிக்கடியில் ஒளிப்பது. முதல் சில வாரங்கள் பிள்ளை விருந்தாளிபோல் பணிவாக இருக்கும். ‘எவ்வளவு நல்ல பிள்ளை’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பிறகு ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும், படுக்கையை நனைக்கும், காரணமில்லாமல் பொய் சொல்லும், நீங்கள் கைவிடுகிறீர்களா இல்லையா என்று உங்களையே சோதிக்கும். அது கெட்ட பிள்ளையின் அடையாளம் அன்று. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த பிள்ளை, இந்த வீடாவது நிற்குமா என்று தட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தில்தான் நம்மவர் பயணச்சீட்டு எடுக்கிறார்.

காவிரிப் பாசனத்தில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்றைப் பறித்து நட்ட மறுநாளே எந்தப் பயிரும் பச்சை பிடிக்காது. வெளிறித் தலைசாய்ந்து சில நாள் நிற்கும். முற்றிய நாற்று என்றால் இன்னும் தாமதமாகும். அதற்காக எந்த விவசாயியும் அதைப் பிடுங்கிக் கரையில் எறிவதில்லை.

கடல் கடந்து அழைத்துச் செல்பவருக்குப் பொறுப்பு இன்னும் கூடுகிறது; பிள்ளைக்கு அங்கே உங்களைத் தவிர யாருமில்லை. ஆனால் அயல்நாட்டாருக்கு இல்லாத ஒன்று நம் சபராளிக் குடும்பங்களுக்கு இருக்கிறது: அந்த வீட்டில் தமிழ் இருக்கிறது, பாங்கொலி இருக்கிறது, அதே சோறும் குழம்பும் இருக்கின்றன. இந்நாட்டுப் பெற்றோர் பெரும்பாலும் கைக்குழந்தையையே கேட்டுக் காத்திருக்க, காப்பகங்களின் வளர்ந்த பிள்ளைகளை ஏற்பவர்களில் மொழியே அறியாத வெளிநாட்டவர் பலர். அவர்கள் மாதக்கணக்கில் பொறுமை காட்டி, சைகையால் பேசி, பிள்ளையை அணைத்துக்கொள்கிறார்கள். தாய்மொழியும் கலிமாவும் ஒன்றாக இருந்தும் நமக்கு ‘ஒட்டாது’.

உண்மையை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலமே சாட்சி. 2005-இல் சென்னையை உலுக்கிய வழக்கில், தெருவில் திருடப்பட்ட குழந்தைகள் போலி ஆவணங்களோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்து அனுப்பப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. திருட்டு எதுவுமில்லாமல், ஆவணங்களோடு போன பிள்ளைகளும் தேடி வருகிறார்கள். டென்மார்க்கில் வளர்ந்த ஒருவர், தஞ்சை மாவட்டத்துடன் தொடர்புடைய தம் தாயைப் பல ஆண்டுகள் தேடி 2019-இல் கண்டடைந்த செய்தியை நாளிதழ்களில் படித்தோம். வளர்த்தவர்கள் அன்பு காட்டவில்லை என்பதால் அவர் தேடவில்லை. மனிதனுக்குத் தன் வேர் தெரிய வேண்டும். அதை வசனமாக இறக்கிய இறைவனுக்கு அது தெரியும்.

பெயரை எடுத்துக்கொள்ளாமல் பாசம் வளருமா என்று கேட்பவர்கள் நாகப்பட்டினத்தைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அம்மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அனாதையான பிள்ளைகளை அரசு அவசரத் தத்துக்கு விடாமல், அன்னை சத்யா காப்பகத்தில் வைத்து வளர்த்தது. அன்றைய ஆட்சியர் ஜெ. ராதாகிருஷ்ணனும் அவர் துணைவியாரும் அப்பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். மாறுதலாகிப் போன பிறகும் தொடர்பை விடவில்லை. 2022-இல் அவர்களில் ஒரு பெண்ணின் திருமணத்தைப் பெற்றோர் இடத்தில் நின்று நடத்திவைத்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நாம் கஃபாலா என்று வாயால் சொல்வதை அவர்கள் கையால் செய்தார்கள்.

மஹ்ரம் பிரச்சினை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பால்குடி உறவு இரண்டு வயதுக்குள் ஏற்படுவது. எட்டு வயதில் அந்த வழி இல்லை. ஆகவே யாரை எடுக்கிறோம் என்று யோசித்து எடுக்க வேண்டும். கணவரின் சகோதரர் மகள் கணவருக்கு மஹ்ரம். மனைவியின் சகோதரி மகன் மனைவிக்கு மஹ்ரம். நம் ஊர்களில் கேட்பாரற்று நிற்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட உறவுப் பிள்ளைகளே. உறவில்லாத பிள்ளையானால், பருவமடையும் வரை ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குப் பின் ஓர் அறையும் ஒரு தாவணியும் ஒழுங்குபடுத்தும் காரியம் அது. வளைகுடாவின் ஓரறைக் குடியிருப்பில் இது சிரமம்தான். அங்கிருப்பவர் ஊரில் வைத்து வளர்க்கட்டும். வாரிசுரிமை இல்லையே என்பதும் சாக்கு. உயிரோடு இருக்கையில் ஹிபா கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம்.

நாட்டின் சட்டமும் வழியை அடைக்கவில்லை. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றம் நம்மைப் பாதுகாவலராக நியமிக்கலாம். பிள்ளை விவரம் அறிந்த வயதானால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம். வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல நீதிமன்ற அனுமதி வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டம் எந்த மதத்தவரும் தத்தெடுக்க வழிவிடுகிறது. ஆனால் அது பிறந்த குடும்பத்தோடு சட்ட உறவைத் துண்டித்துவிடும். அந்த வழியில்தான் போக வேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே, அன்றைய சட்டத்தை வைத்துத் தெளிவாக்கியது. அச்சட்டத்தின் வளர்ப்புப் பராமரிப்பு ஏற்பாடு நம் கஃபாலாவுக்கு நெருக்கமானது. 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு கஃபாலா என்ற சொல்லையே எழுதி வைத்திருக்கிறது. பாதுகாவலர் ஆணைக்கு எல்லா நாடும் விசா தருவதில்லை என்பது மெய். அதற்காகப் பிறப்புச் சான்றிதழில் தம்மைப் பெற்றோராகப் பதிந்துகொள்ளும் குறுக்கு வழி சில ஊர்களில் ‘கெட்டிக்காரத்தனம்’ என்று பேசப்படுகிறது. அது சட்டத்தின்படி குற்றம். மார்க்கத்திலோ அல்லாஹ் தடுத்த பொய்யை அரசு முத்திரையோடு எழுதுவது.

ஜமாஅத்துகளிடமும் ஒரு கேள்வி. ரமளானில் எத்தீம்கானாவுக்குப் பிரியாணி அண்டாவும் புத்தாடையும் அனுப்பிப் படமெடுத்துக்கொள்கிறோம். பெருநாள் மாலையில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஒரு நாளைக்காவது வீட்டுக்கு அழைத்துத் தம் பிள்ளையோடு உட்கார வைத்தவர் மஹல்லாவில் எத்தனை பேர்? யதீம்களை உங்களோடு கலந்து வாழச் செய்தால் அவர்கள் உங்கள் சகோதரர்கள் என்று அல்பகரா 220-ஆம் வசனம் சொல்லும்போது, நாம் சுவர் கட்டி அதற்கு அனாதை இல்லம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். இல்லங்கள் தேவைதான். அவை கடைசிப் புகலிடம் மட்டுமே.

பெயரை மறைத்து வளர்ப்பதன் கணக்கு ஒரு நாள் நிக்காஹ் சபையில் வந்து நிற்கிறது. பெற்ற தகப்பன் யாரென்று தெரியாமல் வளர்ந்த பெண்ணுக்கு, வளர்த்தவர் வலியாக உட்கார்ந்து கையொப்பமிடுகிறார். ஷாஃபிஈ மத்ஹபில் வலி இல்லாத நிக்காஹ் செல்லாது. ஹனஃபி மத்ஹபிலும் பொய்யான வம்சத்தைப் பதிவேட்டில் எழுத அனுமதி இல்லை. உண்மை வெளிவரும்போது அந்தப் பெண் ஒரே நாளில் இரண்டு தகப்பன்மாரையும் இழக்கிறாள். இதற்கு எளிய வழி உண்டு. பதிவேட்டின் தகப்பன் பெயர்க் கட்டத்தில் பெற்றவரின் பெயரை எழுதுங்கள். சிறிய தகப்பனோ அண்ணனோ வலியாக இருந்தால், அவர் வளர்த்தவரை வக்கீலாக நியமிக்கட்டும். வலி யாருமே இல்லையெனில் காஜி முன்னின்று அவரை நியமிக்கட்டும். பெண்ணின் பக்கத்தில் அவர் உட்காரும் அதே இடம்தான், எழுதப்படும் பெயர் மட்டும் வேறு.