இடம் பெயர்த்தால் போதுமா?

'இடமில்லை!' தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் படிக்க வந்த நமக்கு இந்தச் சொல் புதிதன்று. விடுமுறைக்கு ஊர் போகப் புகைவண்டியில் இடமில்லை, விடுதியில் இடமில்லை, தேர்வு நெருங்கிவிட்டால் நூலகத்திலும் இடமில்லை. இப்பொழுது நம் மேசைமேல் இருக்கும் மடிக்கணினியும் அதே பல்லவியைப் பாடத் தொடங்கிவிட்டது. வட்டு நிறைந்துவிட்டது என்று அது அறிவிக்கிறது. எழுதிய ஆய்வுரையைச் சேமிக்க முடியவில்லை. புதிய மென்பொருளை ஏற்ற முடியவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று தேடினால், பெரும்பாலும் அகப்படுவது நம் புகைப்படத் தொகுப்புத்தான்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குகிறோம். படங்களையெல்லாம் அதற்குள் தள்ளுகிறோம். கணினியில் இருப்பவற்றை அழிக்கிறோம். அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, அந்த வட்டை மேசை இழுப்பறையில் போட்டு மூடுகிறோம். யாரேனும் கேட்டால், "படங்களைப் பத்திரப்படுத்திவிட்டேன்" என்கிறோம்.

நண்பர்களே, இந்தக் கூற்றை நான் மறுக்கிறேன். இடம் பெயர்த்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாக எண்ணி உறங்குவதுதான் நம்மிடையே பரவிவரும் கேடு.

முதலில் அளவைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம், வட்டுடன் கூடிய ராமாக் என்னும் கணினியை வெளியிட்டது. அதன் வட்டுப் பெட்டியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. எடை ஏறத்தாழ ஒரு டன். அத்தனை பெரிய பெட்டியில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் படங்களுள் ஒன்றோ இரண்டோ போதும், அந்தப் பெட்டி நிரம்பிவிடும்! படம் ஒன்றுக்கு 3 எம்.பி. என்று கணக்கிட்டால் 10,000 படங்கள் 30 ஜி.பி. ஆகின்றன. காணொளிகளோ இன்னும் பெரும்பசி கொண்டவை. 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி 100 எம்.பி.க்கு மேல் விழுங்கிவிடும். நம்முள் பலர் வைத்திருப்பதோ 256 ஜி.பி. கணினி. ஆகவே நெருக்கடி உண்மையானது. படங்களை வேறிடத்துக்கு மாற்றுவதில் தவறேதும் இல்லை. மாற்றியபின் எத்தனை பிரதிகள் எஞ்சுகின்றன என்பதே கேள்வி.

நேற்று கணினியில் ஒரு பிரதி இருந்தது. இன்று வெளி வட்டில் ஒரு பிரதி இருக்கிறது. நேற்று கணினி பழுதானால் படங்கள் போயிருக்கும். இன்று வட்டு பழுதானால் போகும். இதில் நாம் கண்ட பாதுகாப்பு யாது? சொல்லப்போனால், ஆபத்து சற்றுக் கூடியே இருக்கிறது. சுழலும் வட்டைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கில், தகவலைப் படிக்கும் முனை தட்டின்மேல் மயிரிழையினும் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் போதும், தட்டு கீறப்படலாம். எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத வகையில் அந்த அச்சம் இல்லை. ஆனால் அது தகவலை மின்னேற்றமாகவே வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் பெட்டிக்குள் போட்டுவைத்தால் அந்த மின்னேற்றம் கசிந்து போகக்கூடும். இவை போக, புகைவண்டியில் பை தொலைவதும் உண்டு. அறையில் திருடு போவதும் உண்டு.

மாற்றும்போதே பொருள் தொலைவது மாணவர் அறையில் மட்டும் நடப்பதன்று. மைஸ்பேஸ் என்னும் இணையத்தளம் ஒரு காலத்தில் உலகெங்கும் இளைஞர் கூடிய இடம். தன் தகவல்களை ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்றப்பட்ட படங்களும் பாடல்களும் காணொளிகளும் கிடைக்காமல் போயிருக்கலாம் என்று அந்நிறுவனமே கூறியது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் இச்செய்தி உலகறிந்ததாயிற்று. பொறியாளர் படையை வைத்திருந்த நிறுவனத்துக்கே இந்த நிலை!

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. பிக்சார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1998இல், தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படக் கோப்புகளின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. காப்புப் பிரதி இருக்கிறதே என்று தேடினால், அதுவும் சரியாகப் பதிவாகாமல் கிடந்தது. கேலின் சூஸ்மன் என்னும் பெண்மணி, குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தே பணி செய்வதற்காகத் தம் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அந்த வீட்டுப் பிரதியே படத்தைக் காத்தது. இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு. இரண்டாம் பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இருப்பதாக நினைக்கும் பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும்.

"இதெல்லாம் பழங்கதை, கிளவுடில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். மேகம் என்று பெயர் வைத்தார்களே தவிர, அதுவும் ஒரு கட்டடத்தில் உள்ள வட்டுகளின் கூட்டமே. அந்தக் கட்டடம் நம்முடையதன்று. விதிகளும் நம்முடையவை அல்ல. கூகுள் போட்டோஸ் தளத்தில் உயர்தரப் படங்களை அளவின்றி இலவசமாக வைக்கலாம் என்றிருந்த ஏற்பாடு 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது. அதன்பின் ஏற்றும் படங்கள், மின்னஞ்சலும் பிற கோப்புகளும் பங்குபோடும் 15 ஜி.பி. கணக்கிலேயே சேருகின்றன. கல்வி நிறுவனங்களுக்கு இருந்த அளவற்ற இடமும் போய், 2022 முதல் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து அடிப்படையாக 100 டி.பி. என்று ஆயிற்று. பல்கலைக்கழகம் தந்த கணக்கில் படங்களைக் குவித்து வைத்திருப்பவர் ஒன்றை மறக்கலாகாது. பட்டம் பெற்று வெளியேறியபின் அந்தக் கணக்கு நமக்கு எந்நாளும் திறந்திருக்கும் என்பதற்கு உறுதி ஏது?

மேலும், ஒத்திசைவு என்பதைப் பலர் காப்புப் பிரதி என்று பிழையாக எண்ணுகின்றனர். ஐகிளவுட் போட்டோஸ் இயங்கும் கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால், அதே கணக்கிலுள்ள கணினியிலிருந்தும் அது மறைகிறது. அண்மையில் அழித்தவை என்னும் பகுதியில் 30 நாள் தங்கும்; பிறகு அதுவும் இல்லை. ஓரிடத்தில் செய்த பிழையை எல்லா இடத்துக்கும் உடனே கொண்டுசேர்ப்பதைக் காவல் என்று எப்படிச் சொல்வது? கிளவுட் வேண்டாம் என்பதன்று என் கருத்து. அதுவும் ஒரு பிரதியாக இருக்கட்டும்; அது ஒன்றே பிரதியாக இருக்க வேண்டாம்.

அப்படியானால் முறை யாது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 'வெட்டி ஒட்டுதல்' வேண்டாம். எப்போதும் பிரதி எடுங்கள். எடுத்தபின் இரு பக்கத்துக் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். ஆண்டுக்குப் பத்துப் படங்களையும் சில காணொளிகளையும் புதிய இடத்திலிருந்து திறந்து பாருங்கள். இரண்டாவது வட்டிலும் ஒரு பிரதி ஏறியபின்னரே கணினியில் உள்ளதை அழியுங்கள்.

மேக் கணினி வைத்திருப்போர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அங்கே போட்டோஸ் தொகுப்பு முழுவதும் ஒரே கோப்பு போலத் தோன்றும். அதைத் திறந்து உள்ளிருப்பவற்றைத் தனித்தனியே இழுக்கக் கூடாது. போட்டோஸ் செயலியை மூடிவிட்டு, தொகுப்பை முழுமையாக வெளி வட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். அந்த வட்டு ஏ.பி.எஃப்.எஸ். முறையிலோ மேக் ஓ.எஸ். எக்ஸ்டெண்டட் முறையிலோ அமைக்கப்பட்டிருக்க வேண்டும். டைம் மெஷினுக்கென ஒதுக்கிய வட்டாக இருக்கக் கூடாது. ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே செயலியைத் திறந்தால் எந்தத் தொகுப்பு என்று அது கேட்கும், புதியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐகிளவுட் பயன்படுத்துவோர், அமைப்புகளில் அதையே முதன்மைத் தொகுப்பாகவும் குறிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று கண்டபின் பழையதை நீக்கிக் குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் விடுபடும். விண்டோஸ் கணினியிலோ, படங்கள் கோப்புறையின் பண்புகளில் இருப்பிடத்தை மாற்றும் வசதி உள்ளது.

'இரண்டு வட்டு வாங்க மாணவனிடம் பணம் ஏது?' என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு நான் தரும் விடை, வாங்குமுன் களையெடுங்கள் என்பது. ஒரே காட்சியைப் பதினைந்து முறை எடுத்த படங்கள், காலை வணக்கப் படங்கள், எப்போதோ தேவைப்பட்ட திரைப்பிடிப்புகள் இவற்றையெல்லாம் நீக்கினாலே தொகுப்பு மெலியும். சிறிய வட்டே போதும். ஆனால் ஒரே ஓர் எச்சரிக்கை. மங்கலாக இருக்கிறது என்பதற்காகப் பாட்டியின் படத்தை அழித்துவிடாதீர்கள். தெளிவான படம் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு கை வையுங்கள்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். மற்றவர்களுக்குக் கடினமான இந்த மூன்றாம் பகுதி நமக்கு மிக எளிது. சென்னைக்கும் தில்லிக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. இந்தத் தொலைவு நமக்கு வேறு எதற்கும் உதவியதில்லை, இதற்காவது உதவட்டும்! பொங்கல் விடுமுறையிலோ கோடை விடுமுறையிலோ ஊருக்குப் போகும்போது ஒரு வட்டை அம்மாவின் அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது அதைத் திறந்து பார்த்துப் புதிய படங்களைச் சேருங்கள். கூடவே, அப்பா அம்மா கைப்பேசிகளில் இடமின்றித் தவிக்கும் படங்களையும் அதில் ஏற்றிக் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிப் பெறாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நாளும் இடமும் அதிலிருந்து நீங்கிவிடும். கம்பி வழியே எடுங்கள். அல்லது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

நம் சங்கத்தின் நிலையும் இதுவே. ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறோம். அவை எங்கே? அவ்வாண்டுச் செயலாளரின் கணினியில். அவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டால் சங்கத்தின் வரலாறும் அவருடன் வண்டி ஏறிவிடுகிறது. இதை ஒருவர் குற்றமாக நான் கூறவில்லை; முறை இல்லாததன் விளைவு இது. சங்கச் செலவில் இரண்டு வட்டுகள் வாங்கப்பட வேண்டும். ஒன்று சங்க அலமாரியில் இருக்கட்டும். மற்றொன்று வளாகத்துக்கு வெளியே, பொறுப்பான முன்னாள் உறுப்பினர் ஒருவரிடம் இருக்கட்டும். புதிய நிருவாகக் குழு பொறுப்பேற்கும் நாளில் கணக்கேட்டைச் சரிபார்ப்பது போல வட்டுகளையும் திறந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் நாள், நிகழ்ச்சி, படத்தில் இருப்போர் பெயர் ஆகியவற்றை அந்த ஆண்டுக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால், யாரென்று தெரியாத முகங்களின் குவியலால் யாருக்கு என்ன பயன்?

பழைய நூல்கள் நமக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? ஓலை உறுதியானது என்பதனாலா? அன்று. ஓலை செல்லரிக்கும், ஈரத்தில் மக்கும். செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் புதிய ஓலையில் எழுதிவைத்தார். அவருக்குப்பின் இன்னொருவர் எழுதிவைத்தார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல ஊர்களில் தேடிப் பெற்ற பல பிரதிகளை ஒப்புநோக்கியே அப்பணியை முடித்தார். ஒரே ஓர் ஏட்டில் மட்டும் இருந்து, அதுவும் அழிந்துபோன நூல்களின் பெயர்களை இன்று நாம் உரைகளில் படித்துப் பெருமூச்சு விடுகிறோம். ஏட்டுக்கு உள்ள விதியே வட்டுக்கும்.

ஆகவே, வட்டு நிறைந்துவிட்டது என்று கணினி சொல்லும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். அதைத் தக்க நேரத்தில் அடித்த மணியாகக் கொள்ளுங்கள். களையெடுங்கள், பிரதி எடுங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றை ஊருக்கு அனுப்புங்கள், அதன்பின் அழியுங்கள். வரும் பருவத் தேர்வு முடிந்ததும் கிடைக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குவோம். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இரண்டு வட்டுகளுக்கான தீர்மானத்தை நான் கொண்டுவருவேன். ஆதரவாகக் கை தூக்குவது உங்கள் கடன்.