கார்ட்டூன் யாருக்கு?



கார்ட்டூன் படங்கள் குழந்தைகளுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் தொலைக்காட்சி வந்த பிறகு வேரூன்றியது. 1940இல் தொடங்கிய ‘டாம் அண்ட் ஜெர்ரி’ குறும்படங்கள் அமெரிக்கத் திரையரங்குகளில் முழுநீளப் படத்துக்கு முன்பாக, எல்லா வயதினருக்கும் காட்டப்பட்டவை. 1960இல் ‘தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடர் குடும்பமே கூடிப் பார்க்கும் இரவு நேரத்தில் ஒளிபரப்பானது. அதன் தொடக்ககால விளம்பரதாரர்களில் ஒரு சிகரெட் நிறுவனமும் இருந்தது. பின்னர் அந்நாட்டுத் தொலைக்காட்சிகள் சனிக்கிழமைக் காலையைச் சிறுவர் கார்ட்டூன்களுக்கு ஒதுக்கின. பொம்மை, தின்பண்ட விளம்பரங்களும் அங்கே குவிந்தன. கார்ட்டூன் என்றாலே குழந்தைகள் என்ற பெயர் நிலைத்தது.

பிற நாடுகளில் நிலைமை வேறு. ஜப்பானில் இசாவோ தகஹாதா 1988இல் இயக்கிய ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’, போரில் அநாதையாகும் இரு குழந்தைகளின் பட்டினிச் சாவைச் சொல்கிறது. ஈரானியப் புரட்சிக் காலத்தை ‘பெர்செபோலிஸ்’ (2007) காட்டுகிறது. 1982 லெபனான் போரில் பங்கேற்ற இஸ்ரேலியச் சிப்பாயின் குற்றவுணர்வை ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ (2008) ஆராய்கிறது. நினைவு, கனவு, மனக்குழப்பம் ஆகியவற்றை நேரடிப் படப்பிடிப்பைவிடக் கோட்டோவியம் எளிதாக உருவாக்கும் என்பதே இத்தகைய கதைகள் அதை நாடக் காரணம்.

அனிமேஷன் என்பது கதை சொல்லும் முறை. பார்வையாளரின் வயதைத் தீர்மானிப்பது உள்ளடக்கம். எனவே பெற்றோர் கவனிக்க வேண்டியது படத்தின் தணிக்கைச் சான்றிதழை. அது வரையப்பட்டதா, படம்பிடிக்கப்பட்டதா என்பதை அல்ல.

– வாசகர், திருச்சி