அடிக்கல்லுக்கு முன்னும் திறப்பு விழாவுக்குப் பின்னும்

நமது நாட்டில் ஒரு பெருந்திட்டம் பிறக்கும் நாள் அடிக்கல் நாட்டு விழா என்றும், அது நிறைவடையும் நாள் திறப்பு விழா என்றும் கருதப்படுகிறது. ஆனால், ஒரு திட்டத்தின் தலைவிதி பெரும்பாலும் இவ்விரு விழாக்களுக்கும் வெளியேதான் தீர்மானிக்கப்படுகிறது.

மேலாண்மை இயல் ஒரு திட்டத்தின் வாழ்நாளைத் தொடக்கம், திட்டமிடல், செயலாக்கம், நிறைவு என நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. கண்காணிப்பு இவை அனைத்தினூடும் தொடர வேண்டியது. முடிவெடுப்பவர் யார், நிதி தருபவர் யார், பணியைச் செய்பவர் யார், பாதிக்கப்படுபவர் யார் என்பது ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே தெளிவாக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. இந்த விதியின் மதிப்பை உணர்த்த இரண்டு மெட்ரோ ரயில் திட்டங்களே போதும்.

கொல்கத்தா மெட்ரோவுக்கு 1972 டிசம்பரில் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். முதல் ரயில் ஓடியது 1984 அக்டோபரில். டம்டம் முதல் டோலிகஞ்ச் வரையிலான சுமார் 16 கி.மீ. பாதை முழுமை பெற்றது 1995-இல்தான். நிதிப் பற்றாக்குறை, பூமிக்கடியில் இருந்த குழாய்களையும் கம்பிகளையும் இடம் மாற்றுவதில் ஏற்பட்ட தாமதம், நீதிமன்றத் தடைகள் ஆகியவை பணியை முடக்கின. நாட்டின் முதல் மெட்ரோ என்பதால் அனுபவமின்மையும் ஒரு காரணம்தான். ஆயினும், இவற்றில் பல, மண்ணைத் தோண்டும் முன்பே தீர்த்திருக்க வேண்டியவை.

தில்லி இந்தப் பாடத்தைக் கற்றது. மத்திய அரசும் தில்லி அரசும் சம பங்கு முதலீட்டுடன் 1995-இல் தனி நிறுவனத்தை உருவாக்கின. ஜப்பானியக் கடனுதவி உறுதி செய்யப்பட்டது. நிர்வாக இயக்குநர் இ. ஸ்ரீதரனுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் அளிக்கப்பட்டது. 1998 அக்டோபரில் பணி தொடங்கியது. 2002 டிசம்பரில் முதல் ரயில் ஓடியது. சுமார் 65 கி.மீ. நீளமுள்ள முதற்கட்டம் 2006-இல் முழுமை பெற்றது.

அரசுகளும் அதிகாரிகளும் தத்தம் பொறுப்பை உணர்ந்தால் பணி விரையும் என்பதற்குத் தில்லி சான்று. ஆனால், திட்டத்துக்காக நிலத்தையும் வீட்டையும் இழப்பவருக்கு உரிய இடம் எது? இக்கேள்வியை எழுப்புகிறது சர்தார் சரோவர் அணை. 1961-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டிய இத்திட்டம், 2017 செப்டம்பரில்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நதிநீரைப் பங்கிடுவதில் மாநிலங்களிடையே எழுந்த தகராறு முதல் தாமதம். மறுவாழ்வு கோரி எழுந்த போராட்டமும் வழக்குகளும் அடுத்தவை. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த 681 குடும்பங்களுக்குத் தலா ரூ. 60 லட்சம் வழங்குமாறு 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. திட்டமிடும் கட்டத்தில் தீர்த்திருக்க வேண்டிய கணக்கு, அடிக்கல் நாட்டி 56 ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது.

இந்நிலையை மாற்றவே 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தனியார் திட்டங்களுக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் ஒப்புதலும், அரசு - தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 சதவீதத்தினரின் ஒப்புதலும் தேவை என்றது. ஆனால், தாமதத்தைக் காரணம் காட்டிப் பல மாநிலங்கள் திருத்தங்கள் மூலம் இவ்விதிகளிலிருந்து விலக்குப் பெற்றன. தொடக்கத்தில் மிச்சப்படுத்தும் மாதங்கள், பின்னர் வழக்குகளில் ஆண்டுகளாகக் கரைவதை அவை எண்ணிப் பார்க்கவில்லை.

2015-இல் தொடங்கப்பட்ட 'பிரகதி' கூட்டங்களில் பிரதமரே மத்தியத் துறைச் செயலர்களுடனும் மாநிலத் தலைமைச் செயலர்களுடனும் காணொலி மூலம் முடங்கிய திட்டங்களை ஆராய்கிறார். இது பாராட்டுக்குரியது. எனினும், இது நோய் முற்றிய பின் தரப்படும் மருந்தே.

தேவைப்படுபவை மூன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பான அதிகாரி யார் என்பதை அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நிலத்தை இழப்போரின் கருத்தை வரைபடம் இறுதியாகும் முன்பே கேட்க வேண்டும். திட்டம் நிறைவடைந்த பின், வாக்களித்த பயன் கிடைத்ததா, இடம்பெயர்ந்தோர் வாழ்வு மீண்டதா என்று ஆய்ந்து அந்த அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

வரி செலுத்துவோரின் பணமும், வாழ்ந்த மண்ணை விட்டு வெளியேறுவோரின் எதிர்காலமும் இதில் அடங்கியுள்ளன. திறப்பு விழாவோடு கோப்பை மூடிவிடும் வழக்கத்துக்கு இனியாவது முடிவு கட்ட வேண்டும்.