இரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்

ஆங்கில நூல்வழி விலங்கியல் பயிலும் நம் மாணவர் பலர் பிரிம்ஸ்டோன் என்னும் ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சியைப் படத்திற் கண்டவுடன் பெயர் சொல்லுவர். தகரைச் செடிகளின்மீது தாழப் பறக்கும் நம்மூர்ச் சிறு மஞ்சட்பூச்சி யாதென வினவின் வாளாவிருப்பர். இவ்விரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்குதல் நலமென்பது எமது கருத்து.

இரண்டிற்கும் 1758-ஆம் ஆண்டிற் பெயரிட்டவர் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேயத்து அறிஞரே. முன்னதை ராம்னி என்றார். அதன் புழுவுக்கு உணவாகும் ராம்னஸ் என்னும் செடியின் பெயர் அது. பின்னதற்கோ ஹெக்கபே எனத் திராய் நகரத்து அரசியின் பெயரைச் சூட்டினார். ஒரு பெயர் பூச்சியின் வாழ்க்கையை உணர்த்துகின்றது. மற்றையது யாதொன்றும் உணர்த்துவதில்லை. ஆசியாவில் அடி வையாத அப்பெரியாரை இதுபற்றிக் குறைகூறல் தகாது. அருகிருந்தும் பாராத நம்மையன்றோ குறைகூறல் வேண்டும்!

இரண்டும் பியரிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தன. ஆயினும் மஞ்சள் நிறம் ஒன்றே பற்றி இவற்றை ஒப்பென்பார் கூற்றை யாம் ஒப்புக்கொள்ளோம். பிரிம்ஸ்டோனுள் ஆண் மட்டுமே கந்தக நிறத்தது. பெண் பசுமை கலந்த வெண்மையது. ஆண்டிற்கு ஒரு தலைமுறையே தோன்றும். கோடையிற் கூட்டினின்று வெளிப்பட்டுத் தேனுண்டு, பனிக்காலம் முழுதும் ஐவி முதலிய கொடிகளின் இலைகளிடையே அசைவற்றுக் கிடந்து, இளவேனில் வெயிலில் எழுந்து முட்டையிடும். மூடிய சிறகு இலை வடிவினதாதலின் அந்நெடுந்துயிலிற் பகைவர் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. ஏறக்குறைய ஓராண்டு வாழ்தல் வண்ணத்துப்பூச்சிக்கு அரிய பேறே.

நம் பூச்சிக்கு அத்துயில் வேண்டுவதில்லை. ஆண்டிற் பல தலைமுறைகள் தோன்றும். பருவத்திற்கேற்பக் கோலமும் மாறும். மழைக்காலத்துப் பிறந்தவற்றின் சிறகில் கரிய கரை அகன்றிருக்கும். வறண்ட காலத்துப் பிறந்தவற்றில் அது குறுகி, அடிப்புறத்தே துருநிறப் புள்ளிகள் மிகும். இவ்வுருவங்களை வேறு வேறு இனமென மயங்கி அறிஞர் சிலர் முன்னாளிற் பல பெயரிட்டனர். ஊசியிற் கோத்த பூச்சியை மட்டும் ஆராய்வார்க்கு இம்மயக்கம் இயல்பே.

ஆகவே, பிடித்த மாதமும் இடமும் குறியாத பூச்சிகளாற் கல்லூரிப் பேழையை நிரப்புதல் சிறிதும் பயன்தராது. தகரை, வாகை, கொடுக்காப்புளி இவற்றின் இலைகளில் முட்டையைத் தேடிப் புழுவை வளர்த்து, பூச்சி வெளிப்பட்ட நாளையும் கரையின் அகலத்தையும் ஓராண்டு குறித்து வருமாறு விலங்கியல் மாணவரை வேண்டுகின்றோம்.