மலையேறிய குதிரையெல்லாம் மலைக்குதிரையா?

புசல்லாவைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ‘இலங்கை மலைக்குதிரை’ என்றொரு தனி இனம் இருந்ததாம். கண்டி மன்னர் காலத்திலிருந்தே இந்தச் சரிவுகளில் மந்தையாக மேய்ந்ததாம். கோப்பித் தோட்டங்கள் அதன் முதுகில்தான் ஏறி வந்தனவாம். கிரகரி வாவிக் கரையில் இன்று உல்லாசப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகள் அதன் கடைசி வாரிசுகளாம். அண்மையில் வாசிக்கக் கிடைத்த கட்டுரையொன்று இவ்வளவும் சொல்லி, புசல்லாவையில் ‘பாரம்பரியக் குதிரைப் பாதை’ அமைக்க வேண்டும் என்று முடிகிறது. இத்தனை ‘ஆம்’களில் ஒன்றுக்காவது சான்று வைத்திருக்கலாம்.

கண்டி மன்னர் காலம் என்று எழுதுமுன் ரொபட் நொக்ஸைப் புரட்டியிருக்க வேண்டாமா? 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த மனிதர். எருமை, பன்றி, முயல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைத்தவர். 1681இல் வெளியான அவருடைய நூல் இங்கே இல்லாத விலங்குகளைச் சொல்லுமிடத்தில் சிங்கம், ஓநாயோடு குதிரையையும் சேர்க்கிறது. முயலைக் கண்டவருக்குக் குதிரை மந்தை தெரியாமல் போயிற்றா? இன்னும் பின்னால் போனால் மகாவம்சம் இருக்கிறது. அநுராதபுரத்தைப் பிடித்து 22 ஆண்டுகள் ஆண்ட சேனனையும் குத்திகனையும் அது கப்பலில் குதிரை கொண்டுவந்த வணிகனின் பிள்ளைகள் என்கிறது. குதிரை இந்தத் தீவுக்கு அன்றே இறக்குமதிச் சரக்கு.

மலைக்குதிரை இனம் என்றால் என்னவென்று பார்க்க இமயமலைக்குப் போகவேண்டும். ஸ்பிதியும் ஸன்ஸ்காரியும் 3000 மீற்றருக்கு மேல், காற்று மெலிந்த, குளிர்ந்து வறண்ட பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை. உடல் சிறிது, கால் உறுதி, உரோமம் அடர்த்தி. அங்கே தாங்காதது செத்தது, தாங்கியது குட்டி போட்டது. இனம் உருவானது அப்படித்தான். ஒரு குதிரை பத்து வருடம் மலையில் நின்றதால் அது உருவாவதில்லை.

கட்டுரையாளரிடம் உருப்படியான வாதம் ஒன்றே ஒன்று உண்டு. லெசோத்தோவின் பசூட்டோ குதிரையும் வந்தேறிதானே, அது இனமாகவில்லையா என்று கேட்கிறார். ஆகியது. 1653இல் ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்து கேப் பகுதிக்கு இறக்கிய மட்டக்குதிரைகளின் வழியில் வந்தது அது. ஆனால் அங்கே ஒரு மக்கள் கூட்டமே குதிரையேறியது, தன் மலையிலேயே அதைப் பெருக்கியது. இங்கே ஏறியது துரை மட்டும். அவர் வாங்கினார், விற்றார். செத்தால் அடுத்த கப்பலில் இன்னொன்று வந்தது. 1875இல் நுவரெலியாவில் பந்தயத் திடல் வந்தபிறகு வெளிநாட்டுப் பந்தயக் குதிரைகளும் சேர்ந்துகொண்டன. கிரகரி வாவியில் நிற்பது இப்படிக் கலந்த கலப்பு. அதில் அவமானம் எதுவும் இல்லை. பரம்பரைப் பட்டயம் எழுதுவதுதான் பித்தலாட்டம்.

இதையெல்லாம் அறியாமை என்று விட்டுவிடலாம். கோப்பித் தோட்டங்களைக் குதிரை கட்டியெழுப்பியது என்பதை விடமுடியாது. 1841 வாக்கில் வொர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தார்களே, அந்தக் காட்டை வெட்டியது எந்தக் குதிரை? மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து, வாந்திபேதியில் வழியெல்லாம் விழுந்து மிஞ்சிய நம் ஆட்கள் வெட்டினார்கள். 1867இல் கண்டிக்குக் கோச்சி வரும்வரை கோப்பி மூட்டை கொழும்புக்குப் போனது மாட்டுக் கரத்தையில். கரத்தை போகாத இடத்தில் தவளமாடும் ஆள் தலையும் சுமந்தன. குதிரையின் திறமையோ? 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்த சாமுவேல் பேக்கரின் வண்டி இந்த மலைப்பாதையில் குதிரைகளோடு பள்ளத்தில் உருண்ட கதையை அவரே எழுதியிருக்கிறார்.

துரை சவாரி போனால் குதிரைக்காரன் பின்னாலேயே ஓடினான். துரை இறங்கும் இடத்தில் மூச்சு வாங்க நின்று கடிவாளத்தைப் பிடிக்க வேண்டியது அவன் வேலை. மலைப்பாதையில் குதிரைக்கு ஈடுகொடுத்த அந்த மனிதன் கட்டுரையில் ஒரு வரியிலும் இல்லை. அவன் பேரப்பிள்ளைகள் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள். ‘பாரம்பரியப் பாதை’ வந்தால் அவர்களுக்குக் கிடைக்கப்போவது மறுபடி கடிவாளம்தான்.

இலங்கையில் குதிரை மந்தைமேல் உண்மையாகவே அக்கறை உள்ளவர்கள் பார்க்கவேண்டிய இடம் நெடுந்தீவு. மலையே இல்லாத பவளக்கல் தீவு. ஐரோப்பியர் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை அங்கே யாரும் தீனி போடாமலே திரிகின்றன. பழைய லாயத்தின் கல்தூண்களும் நிற்கின்றன. கடுங்கோடையில் அந்தக் குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்து விழுகின்றன. கட்டுரையாளர் புசல்லாவைக்குக் கேட்கும் காசில் அங்கே நாலு தண்ணீர்த் தொட்டி கட்டச் சொல்லிக் கேட்கட்டும். நானும் கையெழுத்து வைக்கிறேன்.